ஸ்டோர் பூனைகளும் ஒரு நோன்புக் கஞ்சியும்

எலிக்கு எந்த மருந்து நல்லது என்று போன கூட்டத்தில் உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். நெல் ஸ்டோர்களைப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் உங்களுக்கு அது நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாலு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லாததால், இப்போது எழுதுகிறேன்.

எதையும் வருடம், மாதம், கிழமையோடு சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இது நாற்பத்து மூன்றாம் வருடம் நடந்தது. யுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதோடு அந்தப் பக்கத்து அரிசி நின்றுவிட்டது. ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசி ஒரு வீட்டு அடுப்பை வாரம் முழுவதும் எரியவைக்கப் போதாது. மிச்ச நாட்களுக்கு மாவும் மரவள்ளியும்தான். நான் அப்போது கனமூலைப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். தோட்டத்துக்குக் குளத்தடியில் கொஞ்சம் வயலும் இருந்தது. அந்த வருடம் தோட்டத்து விதை நெல்லோடு ஊராருடைய விதை நெல்லும் எங்கள் ஸ்டோரிலேயே வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் வைத்தால் பசிக்குக் குத்திச் சாப்பிட்டு விடுவோம் என்று பயந்து அவர்களே கொண்டுவந்து தந்தார்கள். ஐப்பசி மழைக்கு விதைக்க அதைவிட்டால் வேறு நெல் ஊரில் கிடையாது.

தன் பசிக்குப் பயந்து ஒருவன் தன் விதையை இன்னொருவனிடம் ஒப்படைக்கும்போது, வாங்குகிறவனுக்கு நித்திரை போய்விடும். எனக்குப் போனது. எலிகள் அதை இன்னும் கெடுத்தன. காலையில் கதவைத் திறந்தால் மூட்டை அட்டியின் அடியில் புதிதாக நெல் கொட்டிக் கிடக்கும். சாக்கைத் தைத்து முடிப்பதற்குள் பக்கத்துச் சாக்கில் ஓட்டை விழுந்திருக்கும்.

பூனை கொண்டுவரும் யோசனை கண்டக்டர் ஐயாவுடையது. தோட்டத்தை நடத்தியவர் அவர்தான். சிலாபத்துக் கத்தோலிக்கர், நல்ல மனிதர், எந்நேரமும் எதையாவது நினைத்துப் பயந்துகொண்டே இருப்பார். முதலாளி கொழும்பில். அவர் எப்போது வந்து இறங்குவார் என்று தெரியாது என்பதே கண்டக்டர் ஐயாவின் தீராத வருத்தம். கற்பிட்டியில் கருவாடு போடும் வாடிகளில் கன்றுக்குட்டி அளவில் பூனைகள் திரிகின்றன என்று யாரோ சொல்ல, ஒரு வண்டி அனுப்பிச் சாக்குகளில் கட்டிக் கொண்டுவரச் செய்தார். ஸ்டோர் வாசலில் அவிழ்த்துவிட்டோம். அவை எங்களை ஏற இறங்கப் பார்த்தன, ஸ்டோரையும் பார்த்தன. விடிந்தபோது ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை வாடிக்குப் போனபோது அதே பூனைகள் அதே இடத்தில் படுத்திருந்ததாக வண்டிக்காரன் சத்தியம் செய்தான். அவ்வளவு தூரத்தை அவை நடந்திருக்கும் என்று நான் இன்றும் நம்பவில்லை.

இரண்டாம் முறை மூன்று பூனைகள் வந்தன. இவற்றை ஸ்டோருக்குள்ளேயே சில நாள் பூட்டிவைப்போம், இதுதான் தங்கள் வீடு என்று பழகட்டும் என்றேன். அதற்கு எதிர்ப்பு ஸ்டோர் கூட்டும் பெண்களிடமிருந்து வந்தது. அவர்களுக்குத் தலைவி ஆயிஷா ராத்தா, ஊருக்கே அக்கா. கணவர் காலமாகி இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். நெல் புடைக்க உட்கார்ந்தால் சுளகோடு சேர்ந்து நாக்கும் ஓயாது.

"தம்பி, பூனையப் பூட்டி வச்ச பொம்பளைக்கு என்ன நடந்த எண்டு ஓதப் போன எடத்துல செல்லித் தரல்லயா?" என்று கேட்டார்.

"பூட்டினதுக்கில்ல ராத்தா. பட்டினி போட்டுச் சாகடிச்சதுக்குத்தான் அந்த நரகத் தண்டனை."

"அப்ப ரெண்டையும் செய்யாம இருந்திட்டா நல்லந்தானே."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பூட்டுவது நான், சாப்பாடு போடுவது அவர். கண்டக்டர் ஐயாவுக்கு இது பிடிக்கவில்லை. வயிறு நிறைந்த பூனை எதற்கு எலியின் பின்னால் ஓடப் போகிறது என்பது அவர் கட்சி. பசித்த பூனை எலியைத் தேடாது, மீன் மணம் வரும் திசையைத்தான் தேடும் என்பது என் கட்சி. முதல் வண்டிப் பூனைகள் என் பக்கம் சாட்சி சொன்னதால் அவர் விட்டுக்கொடுத்தார். ராத்தா தினமும் காலையில் கடலேரியான களப்பில் பிடித்த மீன் தலைகளை அவித்துக் கொண்டுவந்து போடுவார். மிச்சம் கிடந்தால் அதற்கே எலி வரும் என்பதால் உடனே தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். நாள் போகப் போகக் கதவைத் திறந்துவிட்டாலும் அவை போகவில்லை. பெண்கள் அவற்றுக்குப் பெயரும் வைத்தார்கள். புலியன், சீனி, வால் பாதி இல்லாதது மொட்டை வால். மொட்டை வால்தான் வேட்டைக்காரி. பிடித்த எலியை ராத்தா உட்காரும் இடத்தில் கொண்டுவந்து வைக்கும். "எனக்கும் நோன்புக்கு எறச்சி தருது பாருங்க" என்று அவர் சிரிப்பார்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டோரை ஒவ்வொரு வியாழக்கிழமையும் கூட்டுவார்கள். கூட்டி அள்ளும் நெல், அதாவது எலி வெட்டிக் கொட்டியதும் மூட்டை தூக்கும்போது சிந்தியதும், கூட்டிய பெண்களுக்குச் சொந்தம். நோன்பு மாதத்தில் அதை ராத்தா வீட்டில் ஒன்றாகச் சேர்த்துக் குத்தி, கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் அனுப்புவார்கள். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. யாரும் அதை எழுதி வைத்ததும் இல்லை. பூனைகள் வந்த பிறகு அந்த நெல் குறைந்து போயிற்று. ராத்தா அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. குறையக் குறைய அவர்தான் பூனைகளுக்கு மீன் தலை கொண்டுவந்தார். இதை நான் அந்த நாட்களில் யோசித்துப் பார்க்கவில்லை.

நோன்பு மாதம் நடுப்பகுதியைத் தாண்டியபோது புரட்டாதி பிறந்துவிட்டது. எலி அடியோடு ஒழியவில்லை, ஆனால் தாங்கக்கூடிய அளவுக்கு வந்திருந்தது. அப்போதுதான் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு டின் எலி மருந்து அனுப்பினார். சாம்பல் நிறத் தூள். மூடியைத் திறந்தால் உள்ளிப்பூண்டு மணம் அடிக்கும். நான் வேண்டாம் என்றேன். மருந்து தின்ற எலியைப் பூனை தின்னும், பிறகு பூனையும் இருக்காது, அடுத்த மாதம் எலி மட்டும் இருக்கும் என்று விளக்கினேன். கண்டக்டர் ஐயா தலையாட்டினார். டின் அவர் அலுமாரிக்குள் போயிற்று.

அடுத்து வந்த புதன்கிழமை, அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளி வருவதாகச் செய்தி கிடைத்தது. வியாழன் காலை நான் கூப்பன் விஷயமாகப் புத்தளம் போக வேண்டியிருந்தது. வழமைபோல் ஸ்டோர்ப் பூட்டின் திறப்பை ராத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. கண்டக்டர் ஐயா இல்லை. மனைவிக்குக் கடுஞ்சுகவீனம் என்று ஆள் வந்து, விடியற்காலையிலேயே லொறி ஒன்றில் ஏறிச் சிலாபம் போய்விட்டாராம். ஸ்டோர் கூட்டப்பட்டுப் பூட்டியிருந்தது. தேங்காய் உலர்த்தும் கொப்பரா மால் பக்கமிருந்து பூனை கத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் புலியனும் சீனியும் உள்ளே அடைபட்டிருந்தன. யார் அடைத்தது என்று யோசித்தபடி திரும்பியவன், கிணற்றடித் தொட்டியின் பக்கத்தில் மொட்டை வாலைக் கண்டேன். தண்ணீர் குடிக்க வந்து, அங்கேயே விறைத்துக் கிடந்தது.

முதலில் பாம்பு என்றுதான் நினைத்தேன். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வருவது வழக்கம். கடி பட்ட இடத்தைத் தேடினேன், இல்லை. பிறகு கொப்பரா மாலில் அடைபட்ட இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். யாரோ பூனைகளை ஸ்டோரிலிருந்து அப்புறப்படுத்தியிருக்கிறார், ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ஸ்டோரைத் திறந்து அட்டிகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினேன். சுவரோரத்தில், விளக்குமாறு எட்டாத இடுக்கில், தேங்காய்ப்பூவும் மாவும் பிசைந்த உருண்டையில் பாதி கிடந்தது. பல் பட்ட அடையாளம் இருந்தது. மூக்கருகில் கொண்டுபோனேன். உள்ளி மணம்.

உருண்டை மேலே வைக்கப்பட்டிருக்க வேண்டும். எலி இழுத்துக்கொண்டு கீழே வந்திருக்கிறது. இழுத்த வழியெல்லாம் உதிர்ந்திருக்கும். அந்தத் தரையைத்தான் இன்று காலை கூட்டி அள்ளினார்கள்.

சைக்கிளில் குளக்கட்டு வழியாகப் போன அந்தத் தூரம் முழுவதும் நான் செய்தது ஒரே கணக்கு. காலையில் அள்ளியதை நண்பகல் லுஹருக்கு முன் குத்தியிருப்பார்கள். லுஹருக்குப் பிறகு கஞ்சி அடுப்பில் ஏறியிருக்கும். நோன்பு நாள் என்பதால் பெரியவர்கள் சூரியன் மறையும் மஃரிப் வரைக்கும் தொடமாட்டார்கள். சிறு பிள்ளைகளுக்கு நோன்பு இல்லையே என்று நினைத்தபோது இன்னும் வேகமாக மிதித்தேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நோன்புக் கஞ்சியில் உள்ளி போடுவார்கள். மணந்து பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

ஆயிஷா ராத்தா முற்றத்தில் வெறும் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்த வேகத்தைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"நான் மூட்டையில கை வைக்கல்ல தம்பி," என்றார். "தரையில கெடந்தது மட்டுந்தான். அல்லாஹ் அறிய."

"அதுக்கில்ல ராத்தா. கஞ்சி எங்க?"

"எல்லாருக்கும் அனுப்பிட்டன். பள்ளிக்கும் ஒரு சட்டி போயிட்டு."

"பிள்ளைகள் குடிச்சிட்டாங்களா?"

"இல்ல. பக்கத்து வீட்டுக்கு அள்ளி வைக்காம என்ட புள்ளைக்கும் குடுக்க மாட்டன். இப்பதான் அள்ளினன், ஆறட்டும் எண்டு வச்சிருக்கன். என்ன தம்பி?"

"மொட்டை வால் செத்துப் போச்சு. ஸ்டோருக்குள்ள மருந்து வச்சிருக்காங்க."

அவர் பானையை அப்படியே நழுவ விட்டார். உள்ளே போய்ப் பிள்ளைகளின் கோப்பைகளை எடுத்துக் கவிழ்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்.

நான் பள்ளிவாசலுக்கு ஓடினேன். அங்கே பெரிய அண்டா ஒன்று இருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரும் கஞ்சியை அதிலேயே ஊற்றிக் கலப்பார்கள். ராத்தாவின் சட்டியும் அதற்குள் போயிருந்தது. அதாவது ஒரு வீட்டுக் கஞ்சி என்று இனி ஒன்றில்லை. ஊர்க் கஞ்சி முழுவதும் சந்தேகத்துக்குரியதாகிவிட்டது.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். என் கையில் இருந்தது ஒரு செத்த பூனையும் பாதி உருண்டையும் மட்டுமே. கஞ்சியில் நஞ்சு விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. கழுவி, புடைத்து, குத்தி, மறுபடி கழுவிய அரிசி. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். கூப்பன் காலத்தில், பகல் முழுவதும் பட்டினி கிடந்த ஓர் ஊரைப் பார்த்து, இருக்கும் ஒரே சாப்பாட்டையும் மண்ணில் ஊற்று என்று சொல்ல அது போதுமா? போதாது என்று தோன்றியது. ஆனால் பூரணமாகத் தெரிந்துகொள்ள அங்கே ஒரே வழிதான் இருந்தது. யாராவது குடித்துப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்குப் பொறுப்பாக இருந்த லெப்பையிடம் முழுவதையும் சொன்னேன். வயதானவர், அவசரப்படாதவர்.

"உறுதியாத் தெரியுமா தம்பி?"

"தெரியாது."

"தெரியாமலா இவ்வளத்தையும் ஊத்தச் செல்றீங்க?"

"தெரியாததாலதான் செல்றேன்."

அவர் அண்டாவைப் பார்த்தார், மேற்கே சூரியனைப் பார்த்தார். அங்கிருந்த இளைஞர் ஒருவர், நகரா முரசை அடித்து ஊரைக் கூட்டுவோம் என்று தடியை எடுத்துவிட்டார். லெப்பை பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். அவர் பிடிக்காவிட்டால் நான் பிடித்திருப்பேனா என்று தெரியாது. எனக்கு அது உறைக்கவே இல்லை. நோன்பு மாதத்தில் அந்த வேளையில் நகரா முழங்கினால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். நேரமாகிவிட்டது, குடிக்கலாம்.

"அடிக்காம இருக்கிறதுதான் இப்ப காவல்," என்றார் லெப்பை. "நகரா கேக்காம இந்த ஊருல ஒருத்தரும் வாய் வைக்க மாட்டாங்க. போங்க, வீடு வீடாப் போய்ச் செல்லுங்க. கடைசி ஆள் திரும்பி வாறவரைக்கும் நான் இதத் தொடமாட்டேன்."

"நேரம் தப்பினா?" என்று ஒருவர் இழுத்தார். நோன்பு திறப்பதைப் பிந்த விடக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"தப்பினா அது என்ட கழுத்துல. உங்கட கழுத்துல இல்ல. போங்க."

ஆட்கள் ஒழுங்கைகளில் பிரிந்து ஓடினார்கள். லெப்பையும் நானுமாக அண்டாவைப் பின்பக்கம் இழுத்துப்போய், குழி வெட்டி, கஞ்சியை ஊற்றி, நாய் கோழி கிளறாமல் மண்ணைப் போட்டு மிதித்தோம். மிதிக்கும்போது மண்ணுக்குள்ளிருந்து தேங்காய்ப்பால் மணமும் உள்ளி மணமும் வந்தன. எனக்கும் நோன்பு. நஞ்சு இருக்குமோ என்று பயந்து மிதித்த அந்தக் கஞ்சிக்கு என் வாயில் நீர் ஊறியது.

சூரியன் களப்புக்குள் இறங்கிவிட்டது. ஆட்களில் பாதிப் பேர்தான் திரும்பியிருந்தார்கள். வீடுகளில் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களை நினைத்துப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே யாரோ, "லெப்பைக்கு இண்டைக்குச் சூரியன் தெரியல்ல போல," என்று உரக்கச் சொன்னார். லெப்பை திரும்பிப் பார்க்கவில்லை. தடியை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்கையையே பார்த்திருந்தார். ஒரு வீட்டில் சிறுபிள்ளை ஒன்று இரண்டு வாய் குடித்துவிட்டதாகச் செய்தி வந்தபோது நான் படலை வரை ஓடினேன். பின்னாலேயே வந்தவர், அது அந்த வீட்டுச் சொந்தக் கஞ்சி, ராத்தாவுடையது திறக்கப்படவே இல்லை என்றார். கடைசியாக ஆயிஷா ராத்தா வந்தார். பெண்கள் பள்ளி வாசலுக்கு வரும் வழக்கம் அங்கே இல்லை. படலையருகே நின்று, மூச்சு வாங்க, "முடிஞ்சு லெப்பை," என்றார்.

நகரா முழங்கியது. உப்பையும் கிணற்றுத் தண்ணீரையும் கொண்டு ஊர் நோன்பு திறந்தது.

அந்த மாலை எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றும் நான் எண்ணவில்லை. பசித்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், செத்த பூனைக்காக ஓர் ஊரின் கஞ்சியைக் கொட்டிய பைத்தியக்காரன் என்று எழுதியிருந்தது. மறுநாள் காலையில் ராத்தாவின் உரலடியில் இரண்டு கோழிகள் செத்துக் கிடந்தன. புடைத்துக் கொட்டிய தூசியைக் கிளறித் தின்றவை. அதற்குப் பிறகுதான் ஊர் என்னோடு கதைத்தது.

கண்டக்டர் ஐயா வெள்ளிக்கிழமை பிற்பகல் திரும்பினார். மனைவிக்குச் சுகம். நான் ஒன்றும் கேட்குமுன் அவராகவே சொன்னார். முதலாளி வரும்போது ஒரு சாக்கிலும் ஓட்டை இருக்கக்கூடாது என்று புதன் பொழுதுபட, தன்னிடமிருந்த மற்றத் திறப்பால் ஸ்டோரைத் திறந்து, உருண்டை செய்து அட்டிகளின் மேல் வைத்தாராம். பூனைகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று அவற்றைப் பிடித்து அடைத்தாராம், ஒன்று மட்டும் அகப்படவில்லையாம். விடியற்காலை ஆள் வந்து கூப்பிட்ட அவசரத்திலும் நினைவாகப் போய் உருண்டைகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார். சில குறைந்தன. எலி தின்றுவிட்டது, வேலை நடந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டுப் போய்விட்டார். கவனமில்லாதவர் செய்த பிழை இல்லை இது. கவனமானவர், எலியையும் பூனையையும் மட்டும் எண்ணிச் செய்த பிழை.

அவர் என்னையும் அழைத்துக்கொண்டு ராத்தாவின் முற்றத்துக்குப் போனார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அது தன் கையால் நடந்தது என்றார். தலை குனிந்தே நின்றார். ராத்தா சுளகைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். குரலில் கோபம் இருக்கவில்லை. இருந்திருந்தால் எங்கள் இருவருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க எலிக்குத்தானே வச்சீங்க ஐயா," என்றார். "நாங்கதான் எலிட பங்கத் திண்டுக்கிட்டு இருந்தோம்."

மறுவாரத்திலிருந்து கூட்டி அள்ளிய நெல் கோழிக்குக்கூடப் போகவில்லை. வியாழன்தோறும் கூட்டிய பெண்களுக்கு மூட்டையிலிருந்து சுத்த நெல் அளந்து கொடுத்தோம். முதலாளியிடம் அதைக் கேட்டு வாங்கியவர் கண்டக்டர் ஐயாதான். அவர் வாழ்க்கையில் முதலாளியை எதிர்த்து நின்ற ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும். டின்னைக் குழியில் புதைத்தோம். ஐப்பசி மழைக்கு விதைத்தார்கள், முளைத்தது. புலியனும் சீனியும் இருந்தன. காலையில் ஸ்டோரைத் திறந்ததும் மூட்டைகளுக்கு முன்னால் அவற்றைத் தேடிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. ஓய்வு பெறும் வரை, எத்தனையோ ஸ்டோர்களில், அந்த வழக்கம் மாறவில்லை.

எந்த மருந்து நல்லது என்று கேட்டீர்கள். உங்கள் ஸ்டோரில் தரையில் விழும் நெல் யார் வீட்டு அடுப்புக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். அது தெரிந்த பிறகு, என்னிடம் மருந்தின் பெயரைக் கேட்க நீங்கள் வரமாட்டீர்கள்.